மேம்படுத்தலுக்குப் பின் நின்றுபோன அச்சுப்பொறி: ஓர் அறிகுறியும் இரண்டு பழுதுகளும்

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பு இயங்கிக்கொண்டிருந்த ஒரு மேசைக் கணினி, ஒரு நாள் மாலையில் டெபியன் 11-க்கு மேம்படுத்தப்பட்டது. மேம்படுத்தல் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் முடிந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் வலை, கோப்புகள், திரை, ஒலி என எல்லாம் முன்போலவே இருந்தன. மறுநாள் காலையில்தான், அக்கணினியுடன் யூஎஸ்பி வடத்தால் இணைக்கப்பட்டிருந்த கறுப்பு வெள்ளை லேசர் பல்பணிப் பொறி அச்சிடவில்லை என்பது தெரியவந்தது. அச்சு ஆணை வரிசையில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது; பொறியின் முகப்பில் ஒரு விளக்குகூட மினுங்கவில்லை. முந்தைய நாள் வரையில் இதே வடத்தில், இதே பொறியில், இதே வரிசையில் அச்சிட்டுக்கொண்டிருந்தோம்.

பழுதைக் கண்டுபிடித்துச் சீர்செய்ய எனக்குப் பாதி நாள் ஆயிற்று. இப்போது திரும்பிப் பார்க்கையில், அதில் பெரும்பகுதி நான் தவறான வரிசையில் தேடியதால் போன நேரம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மேம்படுத்தலின்போது ஒரு பொதி, அதாவது ஒரு நிரல்தொகுப்பு, புதிதாக வந்து சேர்ந்தது. வேறொரு பொதி போய்விட்டது. வந்தது ஒரு பழுதை உண்டாக்கியது, போனது இன்னொன்றை உண்டாக்கியது. இரண்டும் ஒரே அறிகுறியின் பின்னால் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்த விதத்தை இங்கே நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

அச்சிடும் பாதையைப் பற்றி முதலில் சில சொற்கள். லினக்ஸில் அச்சுப்பணியைக் கவனிப்பது கப்ஸ் என்னும் சேவை. 1999-இல் முதன்முதலில் வெளியான இந்நிரலின் மூலத்தை 2007-இல் ஆப்பிள் வாங்கியது. இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழு அதைப் பேணி வளர்க்கிறது. ஓர் ஆவணத்தை அச்சிடும்போது அது பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில் கப்ஸிடம் வருகிறது. கப்ஸ் அதை ஒன்றன்பின் ஒன்றாகச் சில வடிகட்டிகளின் வழியே அனுப்புகிறது: ஒன்று பக்கங்களை அடுக்குகிறது, மற்றொன்று பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றுகிறது, கடைசி வடிகட்டி அந்தப் புள்ளிகளைக் குறிப்பிட்ட பொறிக்கு மட்டுமே புரியும் மொழிக்கு மாற்றுகிறது. பொதுவாக இயக்கி என்று நாம் சொல்வது இந்தக் கடைசி வடிகட்டியையும் அதற்கான விவரக்கோப்பையும்தான். அதன் பிறகு பின்முனை எனப்படும் சிறு நிரல், கிடைத்ததை வடத்தின் வழியே பொறிக்குத் தள்ளுகிறது. வடிகட்டிகளும் பின்முனையும் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதில்லை. கப்ஸ் அவற்றை ஒரே நேரத்தில் கிளப்பி, குழாய்கள்போல ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. இந்த ஒரு விவரம் என் நினைவில் இருந்திருந்தால் நண்பகலுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும்.

முதல் இரண்டு மணி நேரம்

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கப்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்தேன். வரிசையில் தேங்கியிருந்த ஆணைகளை நீக்கினேன். பொறியை அணைத்துப் போட்டேன். வடத்தை வேறு துளைக்கு மாற்றினேன். எதற்கும் பலன் இல்லை. எல்பிஸ்டாட் கட்டளை, வரிசை இயங்கும் நிலையில் இருப்பதாகவும், பொறி கிடைக்கும் வரை காத்திருப்பதாகவும் சொன்னது. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோ, பொறி இணைந்தே இருப்பதாக அதன் பெயரோடு காட்டியது. இயங்குதளத்தின் மையநிரலான கருனி பொறியைக் காண்கிறது, கப்ஸ் காணவில்லை என்ற இந்த முரண்பாடே முதல் நல்ல தடயம். நான் அதைத் தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்ஸ் ஏதோ குழம்பிக் கிடக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அந்த முடிவின் விளைவாக, வரிசையை முழுதாக நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் தந்த பழைய இயக்கியைக் கொண்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினேன். இது ஒரு தவறு. பழுதுபார்ப்பில் ஒரு பாகத்தைப் பிரித்துப் போட்ட பிறகு, அது முன்பே பழுதாயிருந்ததா, பிரித்ததால் பழுதானதா என்ற கேள்வி கூடுதலாக வந்து சேர்கிறது. நல்லவேளையாகப் பழைய வரிசையின் அமைவுக்கோப்பைப் படி எடுத்து வைத்திருந்தேன். பின்னர் ஒப்பிட்டபோது இரண்டிலும் சாதன முகவரி, இயக்கி, எல்லாம் ஒன்றே எனத் தெரிந்தது. அதாவது, அந்த ஒரு மணி நேர வேலையில் எதுவும் மாறவில்லை.

பிறகு கப்ஸின் பதிவுக்கோப்பில் விரிவான பதிவை இயக்கினேன். இயல்பு நிலையில் கப்ஸ் எச்சரிக்கைகளையும் பிழைகளையும் மட்டுமே எழுதும். கப்ஸ்சிடிஎல் கட்டளையால் விரிவான பதிவை இயக்கினால், ஒவ்வொரு ஆணைக்கும் எந்த வடிகட்டி எந்தச் செயலெண்ணில் கிளம்பியது, எப்படி முடிந்தது என்பது வரை வரிவரியாக எழுதும். ஓர் ஆணையை அனுப்பிவிட்டு, கோப்பின் கடைசி 20 வரிகளைப் பார்த்தேன். இருபதும் ஏறக்குறைய ஒரே வரி: அச்சுப்பொறி கிடைக்கும் வரை காத்திருக்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை பின்முனை அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பழுது பின்முனையில்தான், அதாவது வடம் அல்லது யூஎஸ்பி அனுமதிகளில்தான் என்று மனத்தில் பதித்துக்கொண்டேன். பாதி சரி, அந்தப் பாதிச் சரிதான் மறுபாதியை மறைத்தது.

‘சில நேரம் வருகிறது’

அக்கணினியை மூவர் தத்தம் கணக்குகளில் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். நான் வடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேளையில், அவர்களில் ஒருவர் வந்து, தனக்கு அன்று காலையிலேயே 2 பக்கங்கள் அச்சாகி வந்ததாகச் சொன்னார். மற்றவர், தனக்கு ஒன்றும் வரவில்லை என்றார். சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்று அவர்களுக்குள் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள். விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது தளர்ந்த இணைப்புதான். புது வடம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினேன், மாற்றம் இல்லை.

விட்டுவிட்டு வரும் பழுது என்று யாராவது சொன்னால், எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்பதைவிட, வந்தபோது சரியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அதை நம் கண்முன் மீண்டும் செய்யச் சொல்வது மேல். அவரைத் தன் கணக்கில் நுழைந்து ஒரு பக்கத்தை அச்சிடச் சொன்னேன். அச்சு உரையாடல் பெட்டி திறந்தது. அதில் பொறியின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று நாங்கள் வைத்த குறும்பெயர். மற்றது தயாரிப்பும் வகை எண்ணும் அடிக்கோடுகளால் கோத்த நீண்ட பெயர். அவர் நீண்ட பெயரைச் சொடுக்கினார். சில நொடிகளில் பொறி முனகி, தாள் வெளியே வந்தது. குறும்பெயரைத் தேர்ந்து அதே பக்கத்தை அனுப்பச் சொன்னேன். அது வழக்கம்போல உட்கார்ந்துகொண்டது.

எனவே, விட்டுவிட்டு வரும் பழுது என்று ஒன்று இல்லவே இல்லை. நீண்ட பெயரில் எப்போதும் வந்தது. குறும்பெயரில் எப்போதும் வரவில்லை. வடமும் பொறியும் நலமாக இருந்தன. நாங்கள் யாரும் உருவாக்காத அந்த நீண்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதே இப்போது மிஞ்சிய கேள்வி.

வந்த பொதி

இக்கேள்விக்கான விடை, காலையிலேயே திறந்திருக்க வேண்டிய ஒரு கோப்பில் இருந்தது. பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட் நிரல், தான் செய்த ஒவ்வொரு வேலையையும், தொடங்கிய நேரம், கொடுக்கப்பட்ட கட்டளை, நிறுவியவை, மேம்படுத்தியவை, நீக்கியவை என்று பிரித்து ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதிவைக்கிறது. முந்தைய மாலையின் பதிவில், மேம்படுத்தியவற்றின் பட்டியல் பல திரைகளுக்கு நீண்டது. அதைப் படிப்பது வீண். புதிதாக நிறுவியவற்றின் பட்டியல் அதைவிட மிகச் சிறியது. அதில் அச்சு தொடர்பாக ஒரு பெயர் தனித்துத் தெரிந்தது: ஐபிபி-யூஎஸ்பி.

இப்பொதி டெபியனுக்கு 2021 ஆகஸ்டில் வெளியான பதிப்பு 11-இல்தான் புதிதாக வந்தது. கப்ஸ் சேவையின் பரிந்துரைக்கப்பட்ட துணைப்பொதியாக இருப்பதால், தடுக்காவிட்டால் தானாகவே நிறுவப்படும். இதன் வேலையைப் புரிந்துகொள்ள, அச்சுப்பொறிகள் மாறிய விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வலையில் இணையும் பொறிகளோடு பேச ஐபிபி என்ற பொது நெறிமுறை உண்டு. அதைப் பேசும் பொறிகளுக்குத் தனி இயக்கி தேவையில்லை. பொறியே தன் தாள் அளவுகள், இருபுற அச்சு, தெளிவு முதலியவற்றைச் சொல்லிவிடும். கணினி பொது வடிவத்தில் பக்கங்களை அனுப்பினால் போதும். கைப்பேசியிலிருந்து எந்த நிறுவலும் இல்லாமல் அச்சிட முடிவது இந்த வழியில்தான். இதே உரையாடலை வடத்தின் வழியாகவும் நடத்தும் முறை 2012-இல் வரையறுக்கப்பட்டது. அதை ஏற்கும் பொறி, வடத்தின் மறுமுனையில் ஒரு சிறு வலைச்சேவையகம்போல நடந்துகொள்ளும். ஐபிபி-யூஎஸ்பி சேவை அந்தச் சேவையகத்தைக் கணினிக்குள் ஒரு துறைக்கு, அதாவது வலை இணைப்புக்கான எண்ணிட்ட ஒரு வாசலுக்கு, கொண்டுவருகிறது. பொதுவாக 60000 என்ற எண்ணிலிருந்து தொடங்கும் துறை அது. வடத்தில் தொங்கும் பொறி, கப்ஸின் பார்வைக்கு வலையில் இருக்கும் பொறியாகிவிடுகிறது. நீண்ட பெயர் இப்படித்தான் தானாக முளைத்தது.

சிக்கல், பொறியின் யூஎஸ்பி இடைமுகத்தை ஒரே நேரத்தில் ஒருவர்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதில் இருக்கிறது. ஐபிபி-யூஎஸ்பி பொறியைக் கண்டவுடன் பிடித்துக்கொண்டது. பழைய வரிசையின் பின்முனை வந்து கதவைத் தட்டியபோது உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது; ஆகவே அது வாசலிலேயே நின்று, பொறி கிடைக்கும் வரை காத்திருப்பதாக எழுதிக்கொண்டிருந்தது. அது எழுதியது முழு உண்மை. பொறி இல்லை என்று அது ஒருபோதும் சொல்லவில்லை; நான்தான் அப்படிப் படித்தேன். எல்எஸ்யூஎஸ்பியை விரிவான விருப்பத்துடன் ஓட்டிப் பார்த்தபோது, அச்சுப்பொறி வகையான 7-இன் கீழ், இடைமுக நெறிமுறை எண் 4 என்ற வரி இருந்தது. அந்த 4 என்பதே ஐபிபி-யூஎஸ்பிக்கான எண்; பழைய இருவழி அச்சுக்கான எண் 2. எங்கள் பொறி இரண்டையும் அறிவித்தது. இத்தனை ஆண்டுகள் அதனுள் இருந்த ஒரு திறனை மேம்படுத்தல்தான் முதன்முதலாகத் தட்டியெழுப்பியது.

காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணி, ஐபிபி-யூஎஸ்பி சேவையை நிறுத்தினேன். ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று பொறியையும் அணைத்துப் போட்டேன். மீண்டும் அதே காத்திருப்பு. பத்து நிமிடம் விழித்த பிறகுதான், நிறுத்திய சேவை மறுபடி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பொறி மின்சாரம் பெற்று யூஎஸ்பியில் தோன்றும் கணத்தில், கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் அச்சேவையை மறுபடி கிளப்பிவிடுகிறது. சோதனைக் காலம் முழுவதும் அது எழாமல் இருக்க, சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் அதை மூடிமறைத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்து, குறும்பெயருக்கு ஓர் ஆணையை அனுப்பினேன். காத்திருப்பு மறைந்தது. அதனிடத்தில் வேறொரு செய்தி வந்தது: வடிகட்டி தோல்வியுற்றது.

இருக்கும் கோப்பு இல்லை எனப்பட்ட கதை

இந்தப் புதுச் செய்தியை நான் உண்டாக்கிய பழுது என்றே முதலில் நினைத்தேன். வரிசையை நீக்கி உருவாக்கியதை நினைத்து நொந்துகொண்டேன். பிறகு காலையில் படி எடுத்து வைத்திருந்த பதிவுக்கோப்பைக் கடைசி 20 வரிகளாக இல்லாமல், அந்த ஆணையின் எண் தோன்றும் முதல் வரியிலிருந்து படித்தேன். வடிகட்டிகள் கிளம்பியதாக அடுத்தடுத்து வரிகள். பின்முனை கிளம்பியதாக ஒரு வரி. அதே நொடியில், தயாரிப்பாளரின் வடிகட்டி 127 என்ற நிலையெண்ணுடன் நின்றுவிட்டதாக ஒரே ஒரு வரி. அதன் பிறகு நூற்றுக்கணக்கான காத்திருப்பு வரிகள். வடிகட்டியும் பின்முனையும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று மேலே சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்கியது. வடிகட்டி கிளம்பியவுடனேயே செத்துவிட்டது, ஒரு முறை சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டது. பின்முனை செத்தொழியாமல் புலம்பிக்கொண்டே இருந்தது. கோப்பின் வாலை மட்டும் பார்ப்பவனுக்குப் புலம்பல்தான் கேட்கும்.

127 என்பது, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல், ஒரு கட்டளையைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் திருப்பித் தரும் எண். தயாரிப்பாளரின் வடிகட்டி என்பது உண்மையில் ஒரு சிறு ஷெல் நிரல். அது தனிக் கோப்புறை ஒன்றில் இருக்கும் இன்னொரு இருமக்கோப்பை, அதாவது கணினி நேரடியாக இயக்கும் நிரல்கோப்பை, அழைக்கிறது. பதிவில் அதன் முழுப் பாதையும், கிடைக்கவில்லை என்ற சொல்லும் இருந்தன. அப்பாதைக்குப் போய்ப் பார்த்தேன். கோப்பு இருந்தது. அளவு சரியாக இருந்தது, உரிமையாளர் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கு, இயக்க அனுமதி இருந்தது. அதை நேரடியாக முனையத்தில் அழைத்தேன். அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று பதில் வந்தது. பெயரைத் தட்டச்சு செய்ததில் பிழையோ என்று, தாவல் விசையால் நிரப்பி மீண்டும் அழைத்தேன், அதே பதில். பட்டியலிடும் கட்டளை இருக்கிறது என்கிறது, இயக்கச் சொன்னால் இல்லை என்கிறது. ஒரே முனையத்தில் இரண்டு வரிகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நின்றன.

லினக்ஸில் நெடுங்காலம் புழங்கியவர்களுக்கு இது தெரிந்த விடுகதை. கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளை அதை அவிழ்த்தது: அது 32 பிட் இருமக்கோப்பு, அதை ஏற்றி ஓட்ட வேண்டிய ஏற்றி நிரலின் பாதையும் அவ்வெளியீட்டில் இருந்தது. ஓர் இருமக்கோப்பை இயக்கும்போது, கருனி அதன் தலைப்பகுதியில் எழுதப்பட்டுள்ள ஏற்றியைத் தேடுகிறது. அந்த ஏற்றி கிடைக்காவிட்டாலும், இயக்கச் சொன்ன கோப்பே கிடைக்காவிட்டாலும், கருனி தருவது ஒரே பிழையெண். அக்கணினியில் இருந்த ஷெல்லும் அதை ஒரே விதமாகத்தான் சொன்னது. இல்லாமற்போனது வடிகட்டி அன்று, அதன் ஏற்றி. ஒரு நிரலுக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையைக் கேட்டால் உதவியிருக்கும் என்று எண்ண வேண்டாம். இது இயங்குநேர இணைப்புள்ள நிரலே இல்லை என்று அது மேலும் குழப்பியது.

ஏற்றி எப்படிப் போயிற்று என்பதற்கும் விடை ஆப்டின் வரலாற்றுக் கோப்பிலேயே இருந்தது. மேம்படுத்தல் முடிந்த சில நிமிடங்களில், இனித் தேவைப்படாத பொதிகளை நீக்கச் சொல்லி நானே ஒரு கட்டளை கொடுத்திருந்தேன். நீக்கியவற்றின் பட்டியலில், அந்த ஏற்றியையும் உள்ளடக்கிய 32 பிட் அடிப்படை நூலகப் பொதியும் இருந்தது. அது முன்பு வேறொரு 32 பிட் செயலிக்காகத் தானாக வந்து சேர்ந்தது. அச்செயலி மேம்படுத்தலின்போது நீக்கப்பட்டது. தயாரிப்பாளரின் இயக்கிப் பொதியோ, தனக்கு அந்நூலகம் வேண்டும் என்று எங்கும் அறிவிக்கவில்லை. ஆகவே ஆப்டின் கணக்கில் அந்நூலகத்தை நம்பி யாரும் இல்லை. இத்தனை ஆண்டுகள் இயக்கி ஓடியது, வேறொருவருக்காகப் போட்டிருந்த பந்தலில் ஒதுங்கி நின்றதுபோல. பந்தலைப் பிரித்தபோது பழி யாருக்கு என்று கேட்டால், நீக்கும் பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் விசையை அழுத்திய எனக்கும், சார்பை அறிவிக்காமல் பொதி கட்டியவருக்கும் பங்கு உண்டு.

இரண்டையும் தனித்தனியே உறுதிசெய்தல்

ஒன்றை மாற்றியதும் பொறி வேலை செய்தால் அதோடு நிறுத்திவிடுவது வழக்கம். இங்கே இரண்டு காரணங்கள் இருந்ததால், ஒவ்வொன்றும் தனியே பழுதை உண்டாக்குகிறதா என்று பார்க்க விரும்பினேன். ஐபிபி-யூஎஸ்பி ஓடுவது, ஓடாதது. 32 பிட் நூலகம் இருப்பது, இல்லாதது: மொத்தம் நான்கு சேர்க்கைகள். சேவை ஓடி, நூலகமும் இல்லாதது காலையில் கண்ட நிலை, காத்திருப்பு. சேவையை மூடிமறைத்து, நூலகம் இல்லாமல் அனுப்பியபோது வடிகட்டித் தோல்வி. நூலகத்தை மீண்டும் நிறுவி, சேவையை மூடியே வைத்தபோது குறும்பெயரில் தாள் வந்தது. மேம்படுத்தலுக்குப் பின் அந்த வரிசையிலிருந்து வந்த முதல் தாள் அது. நூலகத்தை வைத்துக்கொண்டு சேவையைத் திறந்துவிட்டபோது மறுபடி காத்திருப்பு. நான்கில் ஒன்றில் மட்டுமே பழைய வரிசை அச்சிட்டது. ஒரு பழுதை மட்டும் நீக்கிப் பார்த்துவிட்டு, இதுவும் காரணமில்லை என்று மாற்றத்தைத் திரும்பப் பெறுபவர், இந்த அமைப்பில் நாள் முழுதும் சுற்றினாலும் சரியான சேர்க்கைக்கு வந்து சேரமாட்டார்.

இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். வலைவழிப் பொறி புதுப்பிப்புக்குப் பின் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டால், வலையில் பொறிகளைத் தேடித் தரும் கப்ஸ்-பிரவுஸ்டு சேவையில் 2024 செப்டம்பரில் வெளியான பாதுகாப்புக் குறைகளை நினைக்க வேண்டும். அவற்றைத் தொடர்ந்து, 631 துறையில் பழைய முறையில் பொறிகளைத் தேடும் வசதி முடக்கப்பட்டது. கூடன்பிரிண்ட் இயக்கியில் ஓடும் பொறி என்றால், இயக்கியின் பதிப்பு மாறியபின் பழைய விவரக்கோப்பு பொருந்தாமல் போவதுண்டு. அதற்கென்றே உள்ள கட்டளையால் விவரக்கோப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். கையால் வைத்த வடிகட்டிக் கோப்பை ரூட் தவிர மற்றவர்களும் எழுதக்கூடிய அனுமதி இருந்தால், கப்ஸ் அதை இயக்கவே மறுக்கும். இது பதிவில் தெளிவாக எழுதப்படும்.

எடுத்த முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. 32 பிட் நூலகத்தை நிலையாக வைத்து, அதைக் கையால் நிறுவியதாகக் குறித்து, ஐபிபி-யூஎஸ்பியை நிரந்தரமாக மூடிவிட்டு, பழையபடி தொடரலாம். அல்லது தயாரிப்பாளரின் இயக்கியையே கைவிட்டு, தானாக முளைத்த வழியை முறையாக ஏற்கலாம். முதல் வழி அன்றைக்கு விரைவானது. ஆனால், ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலின்போதும் அந்த இரண்டு கட்டுகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கருனியும் நிறுத்தப்பட்டு, பழைய நிரல்களை 64 பிட் கணினியில் ஓட்டுவதற்கான துணையாக மட்டும் அந்தக் கட்டமைப்பு எஞ்சியிருக்கிறது. கப்ஸும், இயக்கிகள் கைவிடப்பட்டவை, வரும் பதிப்பொன்றில் செயல்படாது என்று வரிசை உருவாக்கும்போதே எச்சரிக்கிறது. ஏற்கெனவே காலையில் இரண்டு பக்கங்களைக் கொடுத்துத் தன்னை மெய்ப்பித்த வழியை விட்டுவிட்டு, முட்டுக்கொடுத்து நிற்கும் சுவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வருடி வசதியும் அதே சேவையின் வழியே இயக்கி இல்லாமல் கிடைத்தது இன்னொரு காரணம்.

எனவே சேவையைத் திறந்துவிட்டு, பழைய வரிசையை நீக்கி, கணினியின் 60000 துறையைச் சாதன முகவரியாகக் கொண்டு, எவ்ரிவேர் என்ற பொது மாதிரியில் புதிய வரிசையை எல்பிஅட்மின் கட்டளையால் உருவாக்கினேன். இந்த மாதிரியில் கப்ஸ் அப்போதே பொறியிடம் பேசி அதன் திறன்களைக் கேட்டு விவரக்கோப்பை எழுதுகிறது. பொறி அணைந்திருந்தால் கட்டளை தோற்கும். அதே துறையை உலாவியில் திறந்தால், பொறியின் சொந்த அமைவுப் பக்கம் டோனர் அளவோடு தோன்றியது. வடத்தில் மட்டுமே இணைந்த பொறிக்கு இப்படி ஒரு பக்கம் இருப்பது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அந்தப் பக்கம் அடுத்த பத்து நிமிடத்திலேயே தேவைப்பட்டது. புதிய வரிசையில் முதலில் வந்த தாளில் எழுத்துகள் சற்று நகர்ந்து, அடிவரி வெட்டுப்பட்டிருந்தது. பொறி தன் இயல்பான தாள் லெட்டர் என்னும் அமெரிக்க அளவு என்று அறிவித்துக்கொண்டிருந்தது. தட்டில் இருந்ததோ ஏ4. பழைய இயக்கி ஒவ்வொரு ஆணையிலும் ஏ4 என்று தானே சொல்லிவந்ததால், பொறிக்குள் இருந்த அமைவை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. அமைவுப் பக்கத்தில் தாள் அளவை மாற்றி, வரிசையை மறுபடி உருவாக்கியதும் விளிம்புகள் சரியாயின. பழைய இயக்கியில் இருந்த டோனர் சிக்கன விருப்பம் உரையாடல் பெட்டியில் இப்போது இல்லை. அதையும் அமைவுப் பக்கத்திலேயே நிலையாக வைத்துவிட்டேன். ஆணைக்கு ஆணை மாற்ற முடியாதது ஒரு குறைதான்.

கடைசியாகத் தயாரிப்பாளரின் இரண்டு பொதிகளையும், சோதனைக்காக மீண்டும் நிறுவிய 32 பிட் நூலகத்தையும் நீக்கினேன். இம்முறை நீக்கும் பட்டியலை வரிவரியாகப் படித்தேன். 32 பிட் கட்டமைப்பையே கணினியிலிருந்து எடுத்துவிட முயன்றபோது, ஆப்டுக்கு அடியில் பொதிகளைக் கையாளும் டிபிகேஜி நிரல் மறுத்தது. அமைவுக்கோப்புகளோடு எச்சமாகக் கிடந்த ஒரு பொதியை முற்றாகத் துடைத்த பிறகே ஒப்புக்கொண்டது. பொறியை அணைத்துப் போட்டும், வடத்தை வேறு துளையில் செருகியும், கணினியை உறங்கவைத்து எழுப்பியும் பார்த்தேன். ஐபிபி-யூஎஸ்பி ஒவ்வொரு பொறிக்கும் கொடுத்த துறையெண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதால், எல்லா முறையும் 60000 என்றே இருந்தது, வரிசையும் தடுமாறவில்லை.

புதிய வரிசைக்குப் பழைய குறும்பெயரையே வைத்தேன்; செயலிகள் நினைவில் வைத்திருந்த பெயர் அப்படியே பொருந்தியதால் யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தானாகத் தோன்றிய நீண்ட பெயரும் உரையாடல் பெட்டியில் இன்னும் இருக்கிறது. அன்று காலையில் அதைச் சொடுக்கி அச்சிட்டவர் இன்றும் அதையே சொடுக்குகிறார்.